வீட்டுக் கடன் எங்கே நிற்கிறது? இலங்கை மலையகத்தில் முதன்முறை வீடு, காணி வாங்குவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

"பார்த்துச் சொல்கிறோம்" என்று அனுப்பிவிட்டு வங்கி வாயே திறக்கவில்லை என்றால், ஃபைல் நான்கு பேரில் ஒருவரிடம் கிடக்கிறது: கிளை உத்தியோகத்தர், கடன் பிரிவு, சட்டப் பிரிவு, மதிப்பீட்டாளர். கிளைக்குப் போய் "ஏன் தரவில்லை?" என்று கேட்காதீர்கள், மழுப்பல்தான் கிடைக்கும். "ஃபைல் இப்போது யாரிடம் இருக்கிறது? அவர் என்ன குறிப்பு எழுதியிருக்கிறார்?" என்று கேளுங்கள். வரும் பதிலை வைத்துக்கொண்டு கீழே பொருத்தமான தலைப்புக்குப் போகலாம்.

கடன் கிடைக்காததற்குச் சம்பளம்தான் காரணம் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். மலையகத்தில் ஃபைல்களை அதிகம் நிறுத்துவது காணிக் கடதாசியும் பெயரும்தான். அதனால் ஃபொட்டோ பிரதிச் செலவோடு முடிகிற சோதனைகளை முதலில் செய்யுங்கள். சட்டத்தரணி, மதிப்பீட்டாளர் கட்டணம் அதற்குப் பிறகு. விற்பவருக்கு முற்பணம் எல்லாவற்றுக்கும் பிறகு. வெள்ளைக் கடதாசியில் கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் முற்பணத்தை நம்பிக் காணியைக் கேட்க முடியாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் செல்லும். அந்த உடன்படிக்கையிலேயே "வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முற்பணம் திரும்பத் தரப்படும்" என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி 1: "இந்தக் காணிக்குக் கடன் இல்லை" என்று முதல் நாளே திருப்பிவிடுகிறார்கள்

கையில் இருக்கும் கடதாசியின் தலைப்பைப் படியுங்கள்.

லயன் அறை, தோட்ட வீடு, துரையின் (தோட்ட முகாமையாளரின்) கடிதம். இதற்கு எந்த வங்கியிலும் ஈட்டுக் கடன் கிடைக்காது. தோட்டக் காணி அரசினுடையது. ஜனவசம என்ற அரச தோட்டச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அதை வைத்திருக்கின்றன, தோட்டத்தை நடத்தும் பிராந்தியக் கம்பனிகள் வெறும் குத்தகைக்காரர்கள். குத்தகைக்காரர் கொடுக்கும் கடிதத்தை வங்கி ஈடாக எடுக்காது. வேறு வங்கி தேடி அலைவது வீண் பஸ் செலவு. இருக்கும் வீட்டைத் திருத்தவோ வெளியே காணி வாங்கவோ ஊழியர் சேமலாப நிதி (ஈபிஎஃப்) வழியைப் பாருங்கள் (அறிகுறி 3).

தோட்டக் குடும்பங்களுக்கு அரசு கொடுத்த 7 பேர்ச் காணிக்கான பசுமை பூமி உறுதி. உறுதி கையில் இருப்பது மட்டும் போதாது. அது காணிப் பதிவகத்தில் பதியப்பட்டதா, நில அளவை வரைபட இலக்கம் அதில் இருக்கிறதா, விற்கவோ ஈடு வைக்கவோ நிபந்தனை இருக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். பதிவு இல்லையென்றால் வங்கிக்குப் போகுமுன் பிரதேச செயலகத்துக்குப் போகவேண்டும்.

ஜயபூமி, சுவர்ணபூமி அளிப்பு அல்லது அனுமதிப்பத்திரம். இவை அரச காணிக்கு, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. அனுமதிப்பத்திரக்காரர் உரிமையாளர் அல்ல. அளிப்புப் பெற்றவரும் எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் விற்றால் அந்த விற்பனை செல்லாது. பக்கத்துக் காணியின் பாதி விலைக்கு வருகிறது என்றால் முதலில் இந்தச் சந்தேகம்தான் வரவேண்டும். பிரதேச செயலகத்தின் காணி உத்தியோகத்தரிடம் அளிப்பு இலக்கத்தைக் காட்டிக் கேளுங்கள். மாற்றத்துக்கு அனுமதி கிடைத்தாலும் எல்லா வங்கிகளும் இதை ஏற்பதில்லை, அரச வங்கிகளில் தொடங்குங்கள்.

இந்தக் கட்டத்தில் சட்டத்தரணிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

## அறிகுறி 2: "கிரிப்பில் ஏதோ இருக்கு"

கிரிப் என்பது 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட கடன் தகவல் பணியகம். அது யாரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை. வங்கிகள் அனுப்புவதை அப்படியே காட்டுகிறது, மறுப்பது வங்கியின் முடிவு. உங்கள் அறிக்கையை நீங்களே எடுக்கலாம். வங்கிக் கிளையூடாகக் கேட்கலாம், பணியகத்திடம் இணைய வழியாகவும் விண்ணப்பிக்கலாம். கடனுக்கு விண்ணப்பிக்குமுன் எடுங்கள், மறுத்த பிறகு அல்ல. ஒரே மாதத்தில் பல வங்கிகளில் விண்ணப்பித்தால் அந்த விசாரணைகளும் அறிக்கையில் ஏறும். அதைப் பார்த்து அடுத்த வங்கி யோசிக்கத் தொடங்கும்.

அறிக்கையில் பார்க்கவேண்டியவை, சுலபமானதிலிருந்து:

- மறந்துபோன சின்ன நிலுவை: மூடாத கடனட்டையின் வருடக் கட்டணம், தவணைக்கு எடுத்த ஃபோன். கட்டுங்கள், "நிலுவை இல்லை" கடிதம் வாங்குங்கள். அடுத்த மாத அறிக்கையில் மாறியதா என்று பாருங்கள்.
- கட்டி முடித்த கடன் இன்னும் "நிலுவை" என்று காட்டுவது. கடன் கொடுத்த நிறுவனம் திருத்தி அனுப்பினால்தான் மாறும். பற்றுச்சீட்டுப் பிரதியோடு அவர்களிடம் எழுத்தில் கொடுங்கள், பணியகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.
- பிணை. கூட வேலை செய்பவரின் முச்சக்கரவண்டி லீசிங்குக்கோ, சொந்தக்காரரின் கடனுக்கோ போட்ட கையெழுத்து. கட்டாதவர் அவர், பெயர் கெடுவது உங்களுக்கு. அவர் கட்டவேண்டும், அல்லது வேறொருவரைப் பிணைக்கு மாற்றவேண்டும். மூன்றாவது வழி நீங்களே கட்டுவது.
- கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடன். வீட்டுக்காரியின் பெயரில் இரண்டு மூன்று குழுக் கடன்கள் ஓடினால், கூட்டு விண்ணப்பத்தில் அவையும் கணக்கில் வரும். சின்னதாக இருப்பதை முதலில் முடித்து எண்ணிக்கையைக் குறையுங்கள்.

கடன் வழக்குக்குப் போயிருந்தால், அல்லது நீங்கள் எடுக்காத கடன் உங்கள் அடையாள அட்டை இலக்கத்தில் இருந்தால், சட்டத்தரணியைப் பாருங்கள். இரண்டாவதற்குப் பொலிஸ் முறைப்பாடும் தேவை. "கிரிப் கிளியர் பண்ணித் தருகிறேன்" என்று காசு கேட்பவர்களால் ஆகப்போவது எதுவும் இல்லை.

## அறிகுறி 3: "வருமானம் போதாது"

வங்கி பார்ப்பது மொத்தச் சம்பளத்தை அல்ல. கையில் வருவதில் ஒரு பங்கை மட்டுமே எல்லாத் தவணைகளுக்குமாக ஒதுக்கும். பங்கு வங்கிக்கு வங்கி வேறு, 40 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் பார்த்தால் ஏமாற்றம் இருக்காது.

கையில் 150,000 ரூபாய் வருகிறது. 40 சதவீதம் 60,000. முச்சக்கரவண்டி லீசிங் 18,000 போனால் மிச்சம் 42,000. வட்டி 12 சதவீதம், காலம் 20 வருடம் என்றால் அந்தத் தவணைக்கு ஏறத்தாழ 38 இலட்சம் கிடைக்கும். லீசிங் இல்லாவிட்டால் 54 இலட்சம். அதாவது மாதம் 18,000 கட்டும் ஒரு வண்டி, வீட்டுக் கடனில் 16 இலட்சத்தை விழுங்குகிறது. லீசிங்கில் ஆறேழு தவணைதான் மிச்சம் என்றால் முடித்துவிட்டு விண்ணப்பிப்பதே புத்தி.

காலத்தை நீட்டினால் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. 50 இலட்சத்துக்கு 12 சதவீதத்தில் 15 வருடத் தவணை ஏறத்தாழ 60,000, 20 வருடத்துக்கு 55,050, 25 வருடத்துக்கு 52,660. கடைசி ஐந்து வருட நீட்சியால் மாதம் குறைவது 2,400 ரூபாய்தான், மொத்தமாகக் கூடுதலாகக் கட்டுவதோ 25 இலட்சத்துக்கு மேல். ஓய்வு வயதைத் தாண்டிக் கடன் போகாது என்பதால் நாற்பதைக் கடந்தவர்களுக்கு இந்த வழி எப்படியும் அடைபட்டுவிடும். மாறும் வட்டியா, நிலையான வட்டியா, எத்தனை வருடத்துக்கு நிலையானது என்று எழுத்தில் கேளுங்கள். 2022 இறுதியில் வங்கிகளின் முதன்மைக் கடன் வீதமே (சிறந்த வாடிக்கையாளருக்கான வட்டி) 27 சதவீதத்தைத் தாண்டியது. மாறும் வட்டியில் இருந்தவர்களின் தவணை அதோடு சேர்ந்து ஏறியது.

வருமானம் இருக்கிறது, காட்டக் கடதாசி இல்லை என்பது வேறு நோய்:

தோட்டத்தில் நாட்சம்பளம். ஒரு மாதச் சீட்டைக் கொடுக்காதீர்கள். பேர் (வேலை செய்த நாள்) குறைந்த மாதமாக இருந்தால் அதையே சராசரி என்று எடுப்பார்கள். தோட்டக் கந்தோரில் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டின்படி 12 மாதச் சம்பள விவரத்தைக் கடிதத்தலைப்பில் கேளுங்கள். கைகாசு (நாட்சம்பளத்துக்கு வெளியே கையில் தரும் கூலி) அதில் வராவிட்டால் வங்கிக்கு அப்படி ஒரு வருமானமே இல்லை.

சிறு தேயிலைத் தோட்டம், மரக்கறிச் செய்கை. தொழிற்சாலையின் மாதாந்தக் கொழுந்துக் கணக்குச் சீட்டு நல்ல ஆதாரம். மரக்கறிக்கு வியாபாரி தரும் துண்டு எடுபடாது. விற்ற பணத்தைக் கையில் வாங்காமல் கணக்கில் போட்டு, ஒரு வருடம் ஓடவிட்டு விண்ணப்பியுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் பணம். அனுப்புபவரே கூட்டு விண்ணப்பதாரராக இருந்தால்தான் எடுபடும். வேலை ஒப்பந்தம், விசா, வங்கிக்கு வந்த பணத்தின் பதிவு மூன்றும் வேண்டும். வங்கிக்கு வெளியே உண்டியல் வழியாக வந்த பணத்துக்குக் கடதாசி கிடையாது.

இவை எதுவும் சரிவரவில்லை என்றால் ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. நிதியில் உள்ள தொகையில் 75 சதவீதம் வரை பிணையாகக் காட்டும் சான்றிதழைத் தொழில் திணைக்களம் கொடுக்கும். அதை ஏற்றுக் கடன் தருபவற்றில் வீடமைப்பு அபிவிருத்தி நிதிக் கூட்டுத்தாபன வங்கியும் அரச ஈட்டு முதலீட்டு வங்கியும் உண்டு. இன்னொரு வழி, பத்து வருடத்துக்கு மேல் பங்களிப்பும் கணக்கில் 300,000 ரூபாய்க்குக் குறையாத தொகையும் உள்ளவர்கள் வீட்டுக்காக 30 சதவீதத்தை முன்கூட்டியே எடுப்பது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுமுன் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். தோட்டம் மாறியவர்களுக்கு இரண்டு மூன்று உறுப்பினர் இலக்கங்கள் இருக்கும், அவற்றை ஒன்றாக்காமல் முழுத்தொகை தெரியாது. சில தோட்டங்களில் சேமலாபப் பணம் மத்திய வங்கியில் இல்லாமல் தனி நிதியத்தில் போகிறது. கழிக்கும் 8 சதவீதம் எந்தப் பெயரில் போகிறது என்று சம்பளச் சீட்டில் பாருங்கள்.

## அறிகுறி 4: "பெயர் பொருந்தவில்லை"

மலையகத்துக்கே உரிய தலைவலி. பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர் மட்டும் இருக்கும். அடையாள அட்டையில் அப்பா பெயரும் சேர்ந்திருக்கும். சேமலாப நிதியில் ஒரு முதலெழுத்து. வங்கிப் புத்தகத்தில் இங்கிலீஷ் எழுத்து இரண்டு கூடியிருக்கும். தோட்டத்தில் பிறப்பைப் பதிந்தவர் சிங்களத்தில் எழுதியது பிறகு தமிழாகி, இங்கிலீஷாகி வந்திருக்கும்.

எல்லாக் கடதாசிகளையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் பெயர், அப்பா பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் நான்கையும் ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள்.

எழுத்து மட்டும் வேறு என்றால், "இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும்" என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி, கூடவே கிராம உத்தியோகத்தரின் சான்று. பெரும்பாலும் இதோடு முடியும். சத்தியக் கடதாசியில் எல்லாப் பெயர் வடிவங்களையும் ஒன்றுவிடாமல் எழுதவேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் சட்டப் பிரிவு திருப்பி அனுப்பும்.

அப்பா பெயரோ பிறந்த திகதியோ வேறு என்றால் சத்தியக் கடதாசி காப்பாற்றாது. பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பிறப்புப் பதிவைத் திருத்தவேண்டும். பிறகு அடையாள அட்டை, பிறகு வங்கிக் கணக்கு, பிறகு சேமலாப நிதி. வரிசை மாறினால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்வீர்கள். மாதக்கணக்கில் இழுக்கும் என்பதால் காணி தேடத் தொடங்கும் அன்றே இதையும் தொடங்குங்கள்.

பெயர் சரியாகும்வரை காணி உறுதியை எழுதவேண்டாம். பிழையான பெயரில் எழுதிய உறுதிக்குத் திருத்த உறுதி வேண்டும், அதற்கு விற்றவரும் மறுபடி வந்து கையெழுத்துப் போடவேண்டும். காசு வாங்கிவிட்டவரைக் கூட்டிவருவது சுலபமல்ல. பழைய பத்து எழுத்து இலக்கத்திலிருந்து 12 இலக்க அட்டைக்கு மாறியவர்கள் பழைய அட்டையின் பிரதியை வைத்திருங்கள். கல்யாணம் பதியாதவர்கள் கூட்டாக விண்ணப்பிக்குமுன் பதிந்துவிடுங்கள்.

## அறிகுறி 5: ஃபைல் சட்டப் பிரிவில் மாதக்கணக்காகக் கிடக்கிறது

காணி யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்று வங்கிச் சட்டத்தரணி 30 வருட உரித்தைத் தேடுகிறார், எங்கோ கண்ணி அறுந்திருக்கிறது. உறுதியில் குறித்திருக்கும் பதிவு ஏட்டு இலக்கத்தோடு காணிப் பதிவகத்துக்குப் போய் நீங்களே எக்ஸ்ட்ராக்ட் (பதிவேட்டுப் பிரதி) எடுக்கலாம், கட்டணம் சொற்பம். அதில் அடிக்கடி அகப்படுபவை:

மீட்காத ஈடு. விற்பவர் எப்போதோ அடகு வைத்து, காசு கட்டி, மீட்பை மட்டும் பதியாமல் விட்டிருப்பார். அவருடைய வங்கியில் மீட்புப் பத்திரம் வாங்கிப் பதிந்தால் முடிந்தது.

நன்கொடை உறுதி. கண்டிச் சட்டத்துக்குட்பட்ட சிங்களக் குடும்பத்திடம் வாங்கும்போது இதைக் கவனியுங்கள். அந்தச் சட்டப்படி நன்கொடை கொடுத்தவர், ரத்துசெய்யும் உரிமையைக் கைவிடுவதாக முறைப்படி எழுதியிராவிட்டால், உயிரோடு இருக்கும்வரை அதைத் திரும்பப் பெறலாம். வங்கி அதற்குப் பயப்படுகிறது. கொடுத்தவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ், இருந்தால் அவரும் விற்பனை உறுதியில் கையெழுத்து. அவர் மறுத்தால் அந்தக் காணியை விட்டுவிடுங்கள்.

பிரிக்காத பங்கு. "ஆறில் ஒரு பங்கு" என்று உறுதியில் இருந்தால், வேலி போட்டிருந்தாலும் அது தனிக் காணி அல்ல. பங்காளிகள் எல்லோரும் ஒத்துக்கொண்டால் பாகப் பிரிவினை உறுதி எழுதலாம். ஒருவர் வெளிநாட்டில், இன்னொருவர் கோபத்தில் என்றால் 1977ஆம் ஆண்டின் பிரிவினைச் சட்டப்படி வழக்குத்தான். அது வருடக்கணக்கில் இழுக்கும், உங்கள் கடன் அதுவரை காத்திருக்காது.

துண்டுபோட்ட பழைய தோட்டம். ஹட்டன், பண்டாரவளை, கம்பளைப் பக்கம் "பிளாக்" போட்டு விற்கும் காணிகளில் இது அதிகம். 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் என்று எல்லை போட்டது. அந்த வழியில் ஆணைக்குழுவுக்குப் போன காணியில்லை என்று காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவின் கடிதத்தை வங்கி கேட்கும். 100 ஏக்கருக்குக் குறையாத தேயிலை, இறப்பர்த் தோட்டத்திலிருந்து பிரிந்தது என்றால் 1958ஆம் ஆண்டின் துண்டாடல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் அனுமதியும் வேண்டும். இரண்டையும் எடுத்துத் தரவேண்டியவர் விற்பவர். "எல்லாருக்கும் இப்படித்தான் கொடுத்தோம்" என்பது பதில் அல்ல.

அற்றோர்னித் தத்துவத்தில் (உரிமையாளருக்காக இன்னொருவர் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரத்தில்) விற்பனை. தத்துவம் பதியப்பட்டதா, கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். இறந்த அன்றே தத்துவமும் முடிகிறது.

எக்ஸ்ட்ராக்டில் இவற்றில் ஒன்று கண்ணில் பட்டால், அல்லது வழக்குப் பதிவு ஏதும் இருந்தால், அடுத்த படி நொத்தாரிசுதான். தரகர் கூட்டிவரும் நொத்தாரிசு வேண்டாம். உறுதி எந்த மொழியில் இருந்தாலும் கையெழுத்துக்கு முன் தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லுங்கள்.

## அறிகுறி 6: "என்பிஆர்ஓ கடிதம் கொண்டுவாருங்கள்"

நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி உட்பட மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டங்களில், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் (என்பிஆர்ஓ) அறிக்கை இல்லாமல் பிரதேச சபை வீட்டு வரைபடத்தை அங்கீகரிக்காது. அங்கீகரித்த வரைபடம் இல்லாமல் வங்கி கட்டடக் கடன் தராது.

விண்ணப்பிக்குமுன் மழை நாளில் காணியைப் போய்ப் பாருங்கள். நிலத்தில் பிறைவடிவ வெடிப்பு, ஒரே பக்கம் சாய்ந்த மரங்கள், புதிதாகக் கசியும் கலங்கல் தண்ணீர், வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மேடு: ஒன்று தென்பட்டாலே முற்பணம் கொடுக்காதீர்கள். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தை மண்சரிவும் 2025 நவம்பரில் டித்வா புயலும் காட்டியதற்குப் பிறகு இதை வெறும் கடதாசி வேலையாக நினைக்கமுடியாது.

"நிபந்தனையோடு சிபாரிசு" என்று அறிக்கை வந்தால் அங்கேயே இரண்டாவது தடங்கல் காத்திருக்கிறது. தாங்குசுவர், மேல்பக்கக் கான், மேட்டைப் படிபடியாக வெட்டுதல் என்று நிபந்தனை இருக்கும். அந்தச் செலவு உங்கள் மதிப்பீட்டுப் பட்டியலில் இல்லையென்றால் வங்கியின் பொறியியலாளர் திருப்பி அனுப்புவார். சுவரின் செலவு வீட்டின் அத்திவாரச் செலவையே எட்டிவிடக்கூடும், அதனால் கடன் தொகையைத் தீர்மானிக்குமுன் அறிக்கையை எடுங்கள். தாங்குசுவரைப் பாஸ் அண்ணனின் (மேசனின்) கைக்கணக்கில் விடாமல் பொறியியலாளரிடம் வரையக் கொடுங்கள். "சிபாரிசு இல்லை" என்று வந்தால் அந்த இடத்தில் வீடு இல்லை. வங்கியை மாற்றியும் பயனில்லை.

## அறிகுறி 7: கடன் சரி, தொகை குறைந்துவிட்டது

மதிப்பீட்டாளர் இரண்டு விலை எழுதுவார்: சந்தைப் பெறுமதி, அவசரத்தில் விற்றால் கிடைக்கும் பெறுமதி. பல வங்கிகள் இரண்டாவதைத்தான் பார்க்கின்றன, அதிலும் 70 முதல் 80 சதவீதம். விற்பவர் சொன்ன விலையில் 80 சதவீதம் வரும் என்று நம்பியிருந்தால் பள்ளம் பெரிதாக இருக்கும். விற்பனை முத்திரைத் தீர்வையும் இருக்கிறது, முதல் 100,000 ரூபாய்க்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். 60 இலட்சக் காணிக்கு அது மட்டும் 239,000. அதுவும் நொத்தாரிசுக் கட்டணமும் உங்கள் கையிலிருந்துதான் போகவேண்டும்.

மலையகத்தில் பெறுமதியை அடிப்பது பெரும்பாலும் பாதை. வரைபடத்தில் பத்தடிப் பாதை இருக்கிறதா, அது உறுதியிலும் எழுதியிருக்கிறதா? காணிக்குத் தோட்டப் பாதையால்தான் போகமுடியும் என்றால் கவனம். கம்பனி இன்று கேற்றைத் திறந்து வைத்திருப்பது பாதை உரிமை ஆகாது. பிரதேச சபை தன் வீதி என்று எழுத்தில் தந்தால் மட்டும் தொடருங்கள். வரைபடம் பழையது என்றால் உத்தரவு பெற்ற நில அளவையாளரைக் கொண்டு புதுப்பியுங்கள். பழைய வரைபடத்தில் 15 பேர்ச் இருந்த இடம் இன்று 13 ஆகச் சுருங்கியிருப்பதும் உண்டு.

பெறுமதி தப்பு என்று உறுதியாகத் தெரிந்தால், பக்கத்தில் அண்மையில் விற்ற இரண்டு மூன்று உறுதிகளின் பிரதியோடு மறுமதிப்பீடு கேளுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பெறுமதியைக் காட்டி விற்பவரிடம் விலை பேசுங்கள், அதற்கு அதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது.

## அறிகுறி 8: அனுமதிக் கடிதம் வந்தது, பணம் வரவில்லை

கடிதத்தின் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக அடையாளமிடுங்கள். வீதிக்கோட்டுச் சான்றிதழ், உடைமைச் சான்றிதழ், கட்டிய மதிப்பீட்டு வரிப் பற்றுச்சீட்டு, ஆயுள் காப்புறுதி, தீக்காப்புறுதி, இவற்றில் ஒன்று குறைந்திருக்கும். பிரதேச சபைச் சான்றிதழ்களுக்குக் காலாவதி உண்டு. சட்டப் பிரிவில் ஃபைல் இழுத்தடித்த காலத்தில் அவை காலாவதியாகியிருந்தால் மறுபடி எடுக்கவேண்டும். அனுமதிக் கடிதத்துக்கும் காலாவதி உண்டு, முடியுமுன் நீடிப்பை எழுத்தில் கேளுங்கள்.

கட்டடக் கடன் என்றால் பணம் கட்டம் கட்டமாகத்தான் வரும், அதுவும் அந்தக் கட்டம் முடிந்த பிறகு. அத்திவாரத்துக்கு வங்கிப் பணத்தை எதிர்பார்த்து மேசன்மாரைக் கூப்பிட்டால் வேலை அங்கேயே நிற்கும். அத்திவாரக் காசு சொந்தமாக இருக்கவேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் திகதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். தென்மேற்குப் பருவமழையில் வேலை நிற்கும் மாதங்களையும் கட்ட அட்டவணையில் எழுதிக் கொடுங்கள்.

எல்லாம் கொடுத்தும் பதில் இல்லையென்றால் கிளை முகாமையாளருக்கு எழுத்தில் கேட்டு, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அடுத்தது வங்கியின் தலைமைக் காரியாலய முறைப்பாட்டுப் பிரிவு. அங்கும் தீராவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம், அழைப்பு இலக்கம் 1935. முத்திரையிட்ட அந்தப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.